ஊனமுற்றோர், மாற்றுத்திறனாளி: ஒரு சொல் மாறியபோது மாறியதும் மாறாததும்

2025 ஏப்ரலில் சில நாள் இடைவெளியில் இரண்டு செய்திகள் வந்தன. திமுக பொதுச்செயலாளர் துரைமுருகன், கூட்டம் ஒன்றில் மாற்றுத்திறனாளிகளைப் பழைய கொச்சைச் சொல்லால் குறிப்பிட்டுவிட்டதற்காக வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டார். அடுத்து ஏப்ரல் 16 அன்று, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்யும் இரண்டு மசோதாக்களை முதலமைச்சர் ஸ்டாலின் சட்டப்பேரவையில் வைத்தார். கிராம ஊராட்சிகளில் மட்டும் 12,000-க்கு மேற்பட்டவர்களுக்கு இடம் கிடைக்கும் ஏற்பாடு அது.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதல் செய்தி மூன்று நாள் ஓடியது. இரண்டாவதை யாரும் போடவே இல்லை. பெரியப்பா எழுதியிருந்தார்: "அந்தக் காலத்துல எல்லாரும் பேசுன பேச்சுதான். இப்பல்லாம் வாயைத் திறக்கவே பயமா இருக்கு." அதற்குக் கீழே பதினொரு பேர் கைகூப்பியிருந்தார்கள். பெரியப்பாவின் சொந்தத் தம்பி, என் சித்தப்பா, இரண்டு வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப்போனவர். அவரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். அவர் ஒன்றும் எழுதவில்லை.

அன்றாடப் பேச்சில் 'பொலிட்டிக்கல் கரெக்ட்னெஸ்', அதாவது யாரையும் புண்படுத்தாத சொல்லாகப் பார்த்துப் பேசவேண்டும் என்ற எதிர்பார்ப்பு, அளவு மீறிவிட்டதா என்ற கேள்வியைப் பொதுவாக வைத்துப் பேசினால் அவரவர் எரிச்சல்தான் பதிலாக வரும். அதனால் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். 'ஊனமுற்றோர்' தமிழ்நாட்டில் 'மாற்றுத்திறனாளி' ஆன கதை. அரசு ஒரு சொல்லை மாற்றி, அது தெருவரைக்கும் இறங்கி, 15 ஆண்டுக்கு மேல் நிலைத்துவிட்டது. சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல நிகழ்வு தமிழில் அதிகம் இல்லை.

சொல்லுக்கு முன்னால்

சித்தப்பாவை ஊரில் 'நொண்டி' என்ற முன்னொட்டோடுதான் சொல்வார்கள். பேருக்கு முன்னால் அது இல்லாமல் சொன்னால் "எந்த ஆளு?" என்று கேட்பார்கள். திட்டுவதற்காகச் சொன்னதில்லை, அடையாளத்துக்குச் சொன்னது என்று ஊரில் எல்லாரும் சத்தியம் செய்வார்கள். அது பொய்யும் இல்லை. நெட்டை, கருப்பு, மேலத்தெரு என்று ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு முன்னொட்டு இருந்த ஊர்தான்.

இதற்குத் தமிழில் நீண்ட மரபே இருக்கிறது. சங்கப் புலவர்களில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், முடத்தாமக்கண்ணியார், ஐயூர் முடவனார் ஆகியோர் உடல் குறிப்பு ஒட்டிய பெயரோடுதான் நமக்கு வந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அந்தகக்கவி வீரராகவ முதலியார் இருந்தார். ஒருவருக்குப் பார்வை இல்லை, ஒருவருக்குக் கால் இல்லை என்று சேர்ந்தே திரிந்த இரட்டைப்புலவர்கள் இருந்தார்கள். 'ஆர்' விகுதி ஒன்று போதும், முடவன் முடவனார் ஆகிவிடுவார், மரியாதை வந்துவிடும்.

அப்படியானால் சொல்லில் பழுதே இல்லையா? புறநானூற்றின் 28-ஆம் பாட்டைப் பாருங்கள். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குச் சொன்னது. சிதடு (குருடு), உறுப்பில்லாத பிண்டம், கூன், குறள் (குள்ளம்), ஊம் (ஊமை), செவிடு, மா (விலங்கு வடிவம்), மருள் (மயக்கம்) என்று எட்டையும் வரிசையாக வைத்து 'எண்பேர் எச்சம்', எட்டு வகைக் குறை, என்கிறார். இப்படிப் பிறப்பதெல்லாம் 'பேதைமை அல்லது ஊதியம் இல்' என்பது முன்னோர் சொன்னது என்றும் சொல்கிறார். ஒரு சொல்கூட வசையாக வரவில்லை. ஆனால் ஊதியமில்லாத பிறவி என்ற தீர்ப்பு அடியில் கிடக்கிறது. சொல்லை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான் என்று எனக்குத் தோன்றும்.

சித்தப்பாவின் முன்னொட்டும் அப்படியே. அடையாளத்துக்கு வைத்த சொல்தான் அவருக்குப் பெண் பார்த்தபோது காரணமாகவும் வந்தது. ஐந்து வீட்டில் வேண்டாம் என்றார்கள். 'நெட்டை'யை அப்படி எந்த வீட்டிலும் மறுக்கவில்லை.

2010

அரசுக் காகிதங்களில் அதுவரை 'ஊனமுற்றோர்' என்ற சொல்தான். 'ஊனம்' என்பது குறை. 'உற்றோர்' என்றால் அதை அடைந்தவர்கள். ஆளுக்கு வேறு அடையாளம் இல்லை, குறையே ஆள். 2010-இல் முதலமைச்சர் கருணாநிதி அதை 'மாற்றுத்திறனாளிகள்' என்று மாற்றினார். கூடவே, சமூக நலத்துறையின் ஒரு மூலையில் இருந்த அலுவலகத்தைத் தனித் துறையாக்கித் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார். சொல் மாற்றத்தைப் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள். சொல்லோடு ஒரு துறையும் வந்தது. அதனால்தான் அந்தச் சொல் வெறும் பலகையாக நின்றுவிடவில்லை என்பது என் எண்ணம். உதவித்தொகைக்கோ வண்டிக்கோ பஸ் பாஸுக்கோ போனவர்கள், போன இடத்திலெல்லாம் அந்தச் சொல்லையே வாயால் சொல்லி வாங்க வேண்டியிருந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் கிட்டத்தட்ட 11.8 லட்சம் பேர். அவர்கள் வீட்டாரையும் சேர்த்தால் ஒரு சொல் பரவ அது போதும்.

மொழி தெரிந்தவர்கள் அன்றைக்கே ஒரு குறை சொன்னார்கள். ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் புழங்கிய 'டிஃபரன்ட்லி ஏபிள்ட்' என்பதன் நேர் தமிழ் இது. கால் வராதவருக்கு என்ன மாற்றுத்திறன் இருக்கிறது, எல்லாருக்கும் இருக்கும் திறன்தானே என்று. நியாயமான கேள்வி. உலக அளவிலும் அந்த ஆங்கிலச் சொல் இன்று விரும்பப்படுவதில்லை. ஐக்கிய நாடுகளின் மொழி வழிகாட்டுதல்கள், இப்படிப் பூசி மெழுகும் சொற்களைத் தவிர்த்துவிட்டு, குறைபாடு உள்ள மனிதர் என்று நேராகச் சொல்லும்படி கேட்கின்றன.

ஆனால் ஆங்கிலத்தில் நடந்தது தமிழிலும் நடக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. இங்கே அந்தச் சொல்லை மக்களே எடுத்துக்கொண்டார்கள். கோட்டைக்கு முன்னால் மறியல் செய்யும் சங்கமே தன்னைத் 'தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம்' என்றுதான் அழைத்துக்கொள்கிறது. சாலையில் உட்கார்ந்து கைதாகிறவர்கள் பேனரில் எழுதிப் பிடிக்கும் சொல் அது. இலக்கணம் பார்த்து நாம் அதைக் குறை சொல்லிக்கொண்டிருப்பது சரியில்லை. சொல்லின் பொருளைப் புழக்கம்தான் நிறைத்திருக்கிறது. இன்று ஒரு சிறுவன் 'மாற்றுத்திறனாளி' என்று கேட்டால் அவன் மனதில் மாற்றும் வராது, திறனும் வராது. சக்கர நாற்காலியில் ஒருவர் வருவார், அவ்வளவுதான்.

மேலே ஏற்றிவைத்த சொல்

இங்கேதான் 'அளவு மீறிவிட்டது' என்பவர்களோடு நான் உடன்படுகிற இடம் வருகிறது. 2015 டிசம்பர் வானொலி உரையில் பிரதமர் மோடி, ஊனமுற்றவரைக் குறிக்கும் 'விகலாங்' என்ற இந்திச் சொல்லுக்குப் பதிலாக 'திவ்யாங்' என்று சொல்லலாம் என்றார். தெய்வீக உறுப்பு உடையவர் என்று பொருள். அடுத்த மாதமே மாற்றுத்திறனாளி அமைப்புகள் வேண்டாம் என்று அவருக்கு எழுதின. அவர்கள் வாதம் எளிமையானது: எங்கள் உடலில் தெய்வீகம் ஒன்றும் இல்லை, எங்களுக்கு வேண்டியது உரிமை. ஆனாலும் 2016-இல் மத்தியத் துறையின் இந்திப் பெயரில் அது ஏறியது. 2019-இல் இந்தியாவின் அறிக்கையைப் பரிசீலித்த ஐ.நா. குழுவும் அச்சொல் சர்ச்சைக்குரியது என்று குறித்தது.

சொல்லப்படுகிறவர்களே வேண்டாம் என்று சொல்லியும் ஏற்றிவைத்த சொல் அது. பணிவாகத் தெரிந்தாலும் அதில் அவர்கள் பேச்சுக்கு இடமே இல்லை. கும்பிடுகிற தெய்வத்துக்கு யாரும் சாய்தளம் கட்டித் தருவதில்லை.

இதுபோல் மறுத்தவர்கள் வேறு நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் பார்வையற்றோரின் தேசியக் கூட்டமைப்பு 1993-இல் ஒரு தீர்மானம் போட்டது. 'பார்வைச் சவால் உள்ளவர்' மாதிரியான சுற்றுச்சொற்கள் வேண்டாம், பார்வையற்றவர் என்றே சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது அதன் சாரம். காது கேளாதோரின் உலகக் கூட்டமைப்பும் 1991-இல் 'செவித்திறன் குறையுடையோர்' வகைச் சொல்லை ஒதுக்கிவிட்டு, காது கேளாதோர் என்ற நேர்ச்சொல்லையே ஏற்றது. குறை என்று சொல்வதே அவர்களுக்கு வலி. சைகை மொழி முழுமையான மொழி, நாங்கள் மொழி இல்லாதவர்கள் இல்லை என்கிறார்கள். தமிழில் 'ஊமை' என்ற சொல் அதனால்தான் தப்பு. அது வசை என்பதால் மட்டும் இல்லை, உண்மையாகவும் இல்லை.

ஆக, மரியாதை என்ற பெயரில் நாமாகவே ஒரு சுற்றுச்சொல்லைக் கண்டுபிடித்து, பார்வையற்றவரை அவர் முன்னாலேயே திருத்துகிற நண்பர்களைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஒரு கூட்டத்தில் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர், "நான் கண்ணு தெரியாதவன், அதனால வரிசையா சொல்லுங்க" என்றார். மேடையில் இருந்தவர் குறுக்கிட்டு, "அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றார். ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தத் திருத்தம் யாருக்காக நடந்தது?

ஓடிக்கொண்டே இருக்கும் சொற்கள்

மாற்றிய சொல்லும் சில காலத்தில் கெட்டுப்போகும் என்பது இன்னொரு வாதம். அதற்குச் சான்று உண்டு. பிரிட்டனில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்காக 1952-இல் தொடங்கிய சங்கத்தின் பெயரில் 'ஸ்பாஸ்டிக்ஸ்' என்ற மருத்துவச் சொல் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் அதையே வசையாக்கினார்கள். 1994-இல் சங்கம் 'ஸ்கோப்' என்று பெயர் மாற்றியது. கொஞ்ச நாளில் 'ஸ்கோப்பர்' என்று புது வசை வந்தது. அமெரிக்காவில் 'மோரான்' என்பது அறிவு வளர்ச்சி குறைந்தவர்களைக் குறிக்க 1910-இல் உளவியலாளர் ஹென்றி காடர்ட் உண்டாக்கிய அறிவியல் சொல். இன்று அது வெறும் திட்டு. அதற்குப் பின் வந்த 'மென்டல் ரிடார்டேஷன்' என்ற சொல்லையும் 2010-இல் சட்டம் போட்டு நீக்க வேண்டி வந்தது. சென்னையில் 1985-இல் 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி' பெயரில் தொடங்கிய நிறுவனம் ஒன்றும் பின்னாளில் 'வித்யா சாகர்' ஆனது.

இதைக் காட்டி, அப்படியானால் மாற்றுவதே வீண் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துவைத்த துணி மறுபடி அழுக்காகும் என்று யாரும் துவைக்காமல் இருப்பதில்லை. ஆனால் ஏன் கெட்டுப்போகிறது என்று பார்க்க வேண்டும். உள்ளே கிடக்கும் அந்தப் புறநானூற்றுத் தீர்ப்பு மாறாதவரை, புதுச் சொல்லிலும் அதே அழுக்கு ஏறும்.

அதற்கு நம் ஊரிலேயே சாட்சி கிடைத்தது. 2024-இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் ஒரு சொற்பொழிவாளர் மாணவர்களிடம் பேசினார். முன்பிறவிப் பாவத்தால்தான் கை கால் இல்லாமல், கண் இல்லாமல் பிறக்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். அங்கேயே இருந்த பார்வையற்ற ஆசிரியர் எழுந்து எதிர்த்துக் கேட்டார். வீடியோ பரவி, செப்டம்பரில் அந்தப் பேச்சாளர் கைதானார். அந்தப் பேச்சில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் மரியாதையான சொல்லாகவே இருந்தாலும் அதே விஷம்தான். எந்தச் சொல் பட்டியலும் அந்தப் பேச்சைப் பிடித்திருக்காது. பிடித்தது, அந்த அறையில் ஆசிரியராக நின்ற ஒரு மனிதர். ஆசிரியர் வேலையில் அவர் அங்கே வந்து நிற்க வழி இருந்ததால்தான் அந்தக் கேள்வி எழுந்தது.

'பொறியின்மை யார்க்கும் பழியன்று' என்ற குறள் (618) இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. பரிமேலழகர் 'பொறி'யை விதி என்று கொண்டார். சாலமன் பாப்பையா உடல் உறுப்பு என்று கொண்டு, அது செயலற்றிருப்பது குறை ஆகாது என்று எழுதினார். எது வள்ளுவர் நினைத்தது என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. இன்றைய வாசகர் உறுப்பு என்று படிக்க முடிகிறது என்பதே எனக்கு நல்ல செய்தியாகப் படுகிறது.

நகைச்சுவை, பழமொழி

திரைப்பட வழக்கு ஒன்றில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நல்ல கோடு ஒன்றைப் போட்டது. மாற்றுத்திறனாளியை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு, அவர் வாழ்க்கையை விளங்கவைக்கும் நகைச்சுவை வேறு என்றது. படத்துக்குத் தடை போடவில்லை. தடை கேட்காமல் தரம் கேட்கும் அந்த அணுகுமுறை எனக்குப் பிடித்திருந்தது.

பழமொழிகளைப் பற்றியும் கேட்பார்கள். 'முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டதுபோல்', 'செவிடன் காதில் ஊதிய சங்கு' இதையெல்லாம் அழித்துவிடுவதா? பழைய நூலில் இருப்பதைத் திருத்தக்கூடாது, அது வரலாறு. ஆனால் நாளைக்கு நான் எழுதப்போகும் தலைப்பில் அதைப் போடவேண்டிய தேவை என்ன? வேறு உவமையே கிடைக்காத அளவுக்குத் தமிழ் ஏழை இல்லை.

மாடிப்படி

சித்தப்பாவுக்கு அடையாள அட்டை வாங்க நானும் ஒருமுறை கூடப் போனேன். கவுன்டரில் இருந்தவர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். "மாற்றுத்திறனாளிகள் பிரிவு மேல இருக்குங்க சார், மாடிக்குப் போங்க." லிஃப்ட் இல்லை. சித்தப்பா கட்டைகளை என்னிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினார். பாதியில் உட்கார்ந்தார். மேலே போனதும் கேட்ட முதல் கேள்வி, "ஊனம் எத்தனை சதவீதம்?" 40-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலான சலுகைகள் கிடையாது. முகப்பில் 'மாற்றுத்திறனாளி', உள்ளே அளப்பது குறையை.

அந்த அலுவலர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது சொல்லை. படியை அவர் கட்டவில்லை. இறங்கும்போது சித்தப்பாவிடம் கேட்டேன், "நொண்டின்னு கூப்பிட்ட காலம் பரவாயில்லையா சித்தப்பா?"

"இல்லப்பா," என்றார் உடனே. "சார்னு கூப்பிட்டான்ல. அது சின்ன விஷயம் இல்ல. நாப்பது வருஷம் யாரும் கூப்பிடல."

இந்தப் பதிலுக்குப் பிறகு 'வெறும் சொல்தானே' என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. அவரோடு வளர்ந்த அண்ணனுக்கு வாயைத் திறக்க இப்போது பயமாக இருக்கலாம். தம்பி பயத்தோடு கடந்துபோன தெருக்கள் அதே ஊரில்தான் இருந்தன. சொல் மாறியதால் பெரியப்பாவுக்கு நேர்ந்தது ஒரு தயக்கம். பேசுவதற்கு முன் ஒரு நொடி நிற்பது. அந்த ஒரு நொடி அளவு மீறியது என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் சொல் மாறியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் அது பெரிய தவறு. 2016-இல் வந்த சட்டம் ஊனத்தின் வகைகளை 7-இலிருந்து 21 ஆக்கியது, அரசு வேலை ஒதுக்கீட்டை 3-இலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது, பொதுக் கட்டடங்கள் எல்லாம் அணுகத்தக்கதாக இருக்கவேண்டும் என்றது. அதற்குப் பிறகும் சென்னையில் தாழ்தளப் பேருந்துக்காக உயர் நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில்தான் அவை மீண்டும் சாலைக்கு வந்தன.

ஐயூர் முடவனாரை மறுபடி நினைக்கிறேன். புறநானூற்றின் 399-ஆம் பாட்டில் அவர் தாமான் தோன்றிக்கோனிடம் போய் ஒரு எருது கேட்கிறார். நடக்க முடியாதவருக்கு வண்டி இழுக்க. கேட்டது ஒன்று. அவன் கொடுத்தது வானத்து மீன்போல் நிறைந்த மாட்டு மந்தை, 'ஊர்தியொடு நல்கியோனே' என்கிறது பாட்டு. வண்டியும் சேர்ந்து வந்தது. அவரை அவன் என்ன சொல்லிக் கூப்பிட்டான் என்று பாட்டில் இல்லை.

2022 நவம்பரில் மெரினாவில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை ஒன்று திறந்தார்கள், சக்கர நாற்காலி அலைவரை போக. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்துப்போட்டது. பிறகு சரிசெய்தார்கள். அடுத்த கோடையில் சித்தப்பாவைக் கூட்டிப்போனேன். 61 வயதில், மணலில் கட்டை புதையும் பயம் இல்லாமல் அவர் கடலுக்குப் பக்கத்தில் போனது அதுதான் முதல் தடவை. பாதையின் முனையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சுண்டல் விற்ற பையன் "தாத்தா, ஒரு பொட்டலம்?" என்றான். இரண்டு வாங்கினார். ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு, ஈரக்காற்றில் செருப்பைக் கழற்றி இடது காலை மட்டும் பலகைக்குக் கீழே தொங்கவிட்டார். அலை ஒன்று வந்து தொட்டுவிட்டுப் போனது. வலது காலையும் கையால் தூக்கி வைத்துக்கொண்டார்.